ஏழு என்று தொடங்கிய பெட்டிகள்

போன வாரம் ஜங்ஷனில் ஒரு கடையில் கைபேசியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயப்பற்று வைத்ததும் மெல்லிய புகை எழுந்தது. குங்கிலியம் மாதிரி, கொஞ்சம் காரமாக. அந்த வாசனை வந்தால் நான் டிக்கெட் எடுக்காமலேயே பேட்டைக்குப் போய்விடுவேன்.

படிப்பு முடிந்து முதல் வேலை அங்கேதான். தகரக் கொட்டகை, ஒரே மின்விசிறி, மூன்று பேர். முதலாளி அண்ணாச்சி அதுவரை மோட்டார் பழுது பார்த்தவர். சொந்தமாக ஒரு பால் பரிசோதனைப் பெட்டி செய்து விற்க வேண்டும் என்று அந்த வேலையையும் நிறுத்தியிருந்தார். பெட்டிக்குள் ஓடும் நிரலை முருகன் எழுதினான். பெட்டி அனுப்புவதைக் கணினியில் வாங்கிப் படிக்கும் நிரல் என்னுடையது. டீ கிளாஸுக்குக்கூட எண் ஒட்டி வைத்தவள் நான்; எனக்கு ஏற்ற வேலைதான்.

பெட்டி எழுத்தாக எதையும் அனுப்பாது. வெறும் பைட்டுகள், பெயர் கிடையாது, வரிசைதான் அடையாளம். முதலில் உறுப்பினர் எண், பிறகு பாலின் எடை, பிறகு கொழுப்பு, அதுவும் புள்ளி இல்லாமல், 4.1 என்றால் 41 என்று. ஒரு பைட்டில் 255 வரைதான் அடங்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட். இதையெல்லாம் பேசி முடிவு செய்திருந்தோம். பெட்டி கடைசி நாள்வரை முருகன் மேசையில் திறந்தே கிடந்ததால், அவரவர் வேலையை அவரவர் தனியாகச் சோதித்துக்கொண்டோம். இரண்டும் சரியாக இருந்தன.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பால் சங்கம் ஒரு காலை நேரம் மட்டும் தருவதாகச் சொன்னது. பாலெடுக்கும் லாரி வருவதற்குள் பெட்டி ஒழுங்காக வேலை செய்தால் வாங்கிக்கொள்வார்கள். இல்லாவிட்டால் அண்ணாச்சி மறுபடி மோட்டார் பிரிக்கப் போக வேண்டியதுதான்.

சங்கத்தில் புது வைக்கோலும் பச்சைப் பாலும் கலந்த வாசனை. பால் ஊற்ற வந்தவர்களில் முதலில் பேச்சியக்கா தூக்குவாளியோடு வந்தார். பாலை ஊற்றினோம். கணினித் திரையில் கொழுப்பு 1049.6 என்று வந்தது.

“ஏட்டி, எம் மாடு பாலக் கறக்குதா, நெய்யக் கறக்குதா?”

வரிசையே சிரித்தது. சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை. “வே அண்ணாச்சி, பொட்டியத் தூக்கிட்டுப் போயிரும். நாங்க பழையபடியே பாத்துக்கிடுதோம்.”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “ஏம்மா?” என்றார், அவ்வளவுதான்.

பேச்சியக்கா திரையைவிட்டு நகரவில்லை. “இங்கன என்னமோ ஆயிரத்து எழுநூறுன்னு வேற போட்டிருக்கு. நான் ஏழாம் நம்பருல்லா?”

உறுப்பினர் எண் இருந்த இடத்தில் 1792. பதினாறாம் வாய்ப்பாடே தடுமாறும் எனக்கு 256இன் வாய்ப்பாடு மட்டும் தலைகீழாகத் தெரியும். ஏழு இருநூற்றைம்பத்தாறு, 1792. அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. முருகன் ஒவ்வொரு எண்ணிலும் பெரிய பகுதியை, அதாவது எத்தனை 256 என்பதை, முதல் பைட்டாக அனுப்புகிறான். நான் சிறிய பகுதி முதலில் வரும் என்று நினைத்துப் படிக்கிறேன். 0, 7 என்று வருவது எனக்கு 7, 0.

“பைய, பைய” என்று முருகன் பக்கத்தில் முணுமுணுத்தான். ஒரே வரியை மாற்றினேன். பேச்சியக்காவின் பாலை மறுபடி வைத்தோம். உறுப்பினர் 7, கொழுப்பு 4.1.

“நாலு புள்ளி ஒண்ணுதானா? முதல்ல வந்ததே நல்லாருந்துச்சு” என்றார் அவர்.

லாரி வந்தபோது செயலாளர் இரண்டாவது பெட்டிக்கும் சொல்லியிருந்தார். திரும்பும் பேருந்தில் அண்ணாச்சி கேட்டார்: “ஒரே கொட்டகைல இருந்துக்கிட்டு இதப் பேசிக்கிடலியாலே?”

மறுநாள் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எங்கள் பெட்டி எதை அனுப்பினாலும் முதலில் ஏழு என்று சொல்ல வேண்டும். அது 1792 என்று வந்து சேர்ந்தால், பைட்டுகளைப் புரட்டிப் படிக்க வேண்டும் என்று கணினி தானே தெரிந்துகொள்ளும். பிறகு வேறு ஊர்களுக்குப் போன பெட்டிகள் வேறு யாருடைய நிரலோடு பேசியபோதும் ஒரு முறைகூட நெய் கறக்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

இப்போதைய பெட்டிகள் ‘கொழுப்பு: 4.1’ என்று பெயரோடு எழுத்தாகவே அனுப்புகின்றன. எந்தப் பைட் முதலில் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் பழைய கொட்டகையில் இப்போது தண்ணீர் கேன் அடுக்கியிருக்கிறார்கள். ஆற்றங்கரை ஊர்களில் காலைதோறும் வாய் திறந்ததும் பேச்சியக்காவின் எண்ணைச் சொன்ன பெட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. தன் எண்ணைத்தான் அவை சொல்லிவந்தன என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.