தங்கை முறித்த விரதம்

முருகனை நம்புகிற எல்லோருக்கும் என் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். உருகிப் பேச எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. நிற்கவில்லை. காய்ச்சலும் விடவில்லை. உள்ளூர் டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். ரத்தப் புற்றுநோய், அதுவும் வேகமாக முற்றும் வகை என்றார்கள். என் மனைவி வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பயம் மட்டும் இருந்தது.

மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, நோயும் அடங்கியது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை என்றார் டாக்டர். நோய் பதுங்கித்தான் இருக்கிறது, திரும்பி வருவதற்குள் எலும்பு மஜ்ஜையை மாற்ற வேண்டும் என்றார். பிழைப்பது எதைப் பொறுத்தது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. நோய் அடங்கியிருக்கும்போதே செய்ய வேண்டும். கூடப் பிறந்தவர் ஒருவருடைய மஜ்ஜை பொருந்த வேண்டும். பிறகு கிருமி தொற்றக் கூடாது. புது மஜ்ஜை என் உடம்போடு சண்டை போடக் கூடாது. வயது குறைவாக இருப்பது நல்லது. அந்த வயது ஒன்றுதான் அப்போது நிச்சயமாக என் பக்கம் இருந்தது.

அண்ணனுடையது பொருந்தவில்லை. பாபநாசத்தில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை வள்ளியுடையது பொருந்தியது. ஆனால் அவளுக்கு ரத்தம் குறைவு. நன்றாகச் சாப்பிட்டு, சத்து மாத்திரையும் போட்டுக்கொண்டு, தீபாவளி கழிந்து சில வாரத்தில் வரச் சொன்னார்கள்.

தீபாவளி கழிந்ததும் அவள் வீட்டுக்காரர் போன் செய்தார். வள்ளி திருச்செந்தூரில் சஷ்டி விரதம் இருக்கிறாள், தண்ணீர் மட்டும்தான், சூரசம்ஹாரம் முடிந்துதான் சாப்பாடு என்றார். நான் படுத்த அன்றே நேர்ந்துகொண்டாளாம். டாக்டரிடம் சொன்னேன். மெலிந்து வந்தால் நாள் தள்ளிப்போகும் என்றார். அதற்குள் நோய் திரும்பினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

நான் பிழைப்பதற்காகவே பட்டினி கிடக்கிறாள். அதுவே என்னைக் கொன்றுவிடும் போலிருந்தது. வள்ளி ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. அன்றுதான் மனம் விட்டு வேண்டினேன். முருகா, ஆயுள் கேட்கவில்லை, அவளைச் சாப்பிட வை. அவ்வளவுதான்.

மறுநாள் அவள் தங்கியிருந்த விடுதிக்குப் போன் போட்டேன்.

"சாமிகிட்ட சொல்லிட்டேன் அண்ணே. அத மாத்தச் சொல்லாதிய," என்றாள்.

"உன் ரத்தந்தாம்ளா எனக்குள்ள ஓடப் போவுது. நீ பட்டினி கெடந்தா நானும் பட்டினிதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாலையில் அவள் வீட்டுக்காரர் மறுபடி கூப்பிட்டார். வள்ளி நேரே சன்னதிக்குப் போய் வெகுநேரம் நின்றாளாம். பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்து, ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து இட்லி கேட்டாளாம். அழுதுகொண்டே சாப்பிட்டாளாம். அதைக் கேட்டபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது.

குறித்த நாளில் அவள் ரத்தம் தேறியிருந்தது. மஜ்ஜையை எடுத்து எனக்கு ஏற்றினார்கள். தனி அறையில் கிடந்தபோது காய்ச்சல் வந்து பயமுறுத்தியது. தோலெல்லாம் தடித்தது. இரண்டும் பைய அடங்கின. நோய் திரும்பவில்லை.

வைத்தியம் டாக்டர்கள் செய்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சன்னதியில் அவள் மனதை மாற்றியது என் பேச்சு அல்ல. அவள் என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறாள்? அது முருகன் செய்தது. அதுவரை வழக்கத்துக்காகக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், இப்போது நன்றி சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் முருகனிடம் கேளுங்கள். டாக்டர் சொல்வதையும் தட்டாதீர்கள். அவன் அந்த வாயாலும் பேசுவான்.

ஒவ்வொரு வருஷமும் சஷ்டிக்குத் திருச்செந்தூர் போகிறோம். இப்போது விரதம் என்னுடையது. வள்ளி என் கண் முன்னே வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். நான் நேர்ந்துகொண்டது அதுதான்.