நடுவில் விழுந்த உளுந்து

சென்னையில் நான் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்தில் ஓர் இருட்டறை இருக்கிறது. அங்கே இரண்டு குழாய்களிலிருந்து காற்றைப் பக்கத்தில் பக்கத்தில் பீய்ச்சி, புகையைக் கலந்து, லேசர் வெளிச்சத்தில் படம் பிடிப்போம். அசையாத காற்றுக்குள் கொந்தளிக்கும் காற்று நுழைந்தால் அதன் விளிம்பு பளிச்சென்று தெரியும், ஊதுபத்திப் புகைக்கு ஓரம் தெரிகிற மாதிரி. இரண்டு பக்கமும் கொந்தளிப்பாக இருந்தால்தான் வம்பு. ஒன்று எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். அந்த எல்லை ஓரிடத்தில் நிற்காது, நெளிந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்துவதுதான் என் பிழைப்பு.

ஏன் இந்தத் தலைப்பை எடுத்தாய் என்று கேட்பவர்களிடம் ஏதாவது பெரிதாகச் சொல்லி வைப்பேன். உண்மையில் எனக்கு நினைவு வருவது தியாகதுருகத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊர் ரோடும், அதில் இரைந்துகொண்டிருந்த இரண்டு ஃபேன்களும்தான். அம்மா இப்போது என்னோடு ஃப்ளாட்டில் இருக்கிறாள். ஊரில் பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, தன் மகனோடு சேலத்தில் இருக்கிறாள். அவர்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்து ரொம்ப நாளாகிறது. குழாய்களைத் திறக்கும்போதெல்லாம் அந்த மத்தியானத்துக்காக மனசு ஏங்குகிறது.

அப்போது நான் காலேஜில் படித்தேன். அம்மாவும் அத்தையும் பேச்சை நிறுத்தியிருந்த சமயம். அத்தையின் ஆடு எங்கள் முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டது. அம்மா ஒன்று சொல்ல, அத்தை பத்து சொல்ல, அதோடு சரி. அதற்கு முன்னால் களை எடுக்கப் போனாலும் சந்தைக்குப் போனாலும் இருவரும் ஒரே பஸ், ஒரே சீட்டு, ஒரே வெற்றிலைப் பொட்டலம். சண்டைக்குப் பிறகு அம்மா வெளியே போவதையே குறைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது டிவி சீரியல்காரிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். லீவு முடிந்து நான் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். இவளை இப்படியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. எப்படியாவது இரண்டு பேரையும் பேசவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று இருந்தேன். வழிதான் தெரியவில்லை.

நாங்களும் அத்தையும் அவரவர் உளுந்துச் செடியைப் பிடுங்கி ரோட்டில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பியிருந்தோம். வண்டிகள் ஏறி ஏறிக் காய் உடைந்து, காற்றில் தூற்றிக் காய்த்தோலைப் பறக்கவிடுவதுதான் பாக்கி. அன்று மத்தியானம் திடீரென்று மேற்கே கல்வராயன் மலைப் பக்கம் கருத்துவிட்டது. நனைந்தால் அத்தனையும் முளைத்துவிடும். காற்றோ துளியும் இல்லை. அம்மாவும் அத்தையும் ஆளுக்கொரு ஸ்டாண்டு ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். கரண்டுக்கு இருந்தது பெட்டிக்கடையிலிருந்து இழுத்த ஒரே ஒயர், ஒரே ஜங்ஷன் பாக்ஸ். வேறு வழியில்லாமல் இரண்டு ஃபேனும் ஒட்டி நின்றன. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முறத்தைத் தூக்கினார்கள். இரண்டு ஃபேன் ஓடினால் இரண்டு மடங்கு சீக்கிரம் முடியும் என்று நான்தான் குஷியாக ஸ்விட்சுகளைப் போட்டேன்.

நடந்தது வேறு. அம்மாவின் காற்று அத்தையின் காற்றைத் தன் பக்கம் இழுத்தது, அத்தையின் காற்று அம்மாவினுடையதை இழுத்தது. நேராகப் பறந்து போக வேண்டிய தோல் நடுவில் வந்து சுழன்று, திரும்பி அவர்கள் முந்தானையிலேயே விழுந்தது. முறத்து ஓரத்தில் சரிந்த உளுந்தும் அங்கேயே கொட்டியது. கொஞ்ச நேரத்தில் அம்மா குவியலுக்கும் அத்தை குவியலுக்கும் நடுவே, தோலும் உளுந்துமாக மூன்றாவது குவியல் ஒன்று எழும்பிவிட்டது.

"சில பேரு ஃபேன கொஞ்சம் திருப்பி வெச்சா நல்லாருக்கும்," அம்மா ரோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"உங்கம்மா மொதல்ல தள்ளி நிக்கட்டும்," அத்தை என்னிடம் சொன்னாள்.

ஃபேன்களை நான் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தேன். நடுக்குவியல் கொஞ்சம் இடம் மாறியதே தவிரக் குறையவில்லை. இன்றைக்கென்றால் சமன்பாடு எழுதி விளக்குவேன். அன்றைக்குத் தலை நிறையத் தோலோடு திருதிருவென்று முழித்தேன்.

தூறல் ஆரம்பித்தது. இருவரும் அவரவர் குவியலை அவசர அவசரமாகச் சாக்கில் அள்ளினார்கள். நடுவில் கிடந்ததை யாரும் தொடவில்லை.

"அத அவங்கள அள்ளிக்கச் சொல்லு," என்றாள் அம்மா.

"எனுக்கு எதுக்கு? உங்கம்மா மொறத்துலேர்ந்துதான் வுழுந்துது. ஊரான் சொத்து எனுக்கு வாணாம்னு சொல்லு."

எனக்கு நடுவில் நின்று தபால் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போயிருந்தது. எக்கேடோ கெடட்டும் என்று ஃபேன் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன். அம்மா என்னை முறைத்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வலுக்கப் பார்த்தது.

அம்மா பொறுக்கமாட்டாமல் அத்தை பக்கம் திரும்பினாள். "உன்னுதுதான் ஜாஸ்தி வுழுந்துது. நான் பாத்துக்கினுதான இருந்தேன்!"

"நீ பாத்த லட்சணம்! என்னுது கம்மி, உன்னுதுதான் ஜாஸ்தி. பொண்ணு ஹாஸ்டலுக்குப் போவுது, வட சுட்டு குடுத்து அனுப்பு."

அம்மா ஏதோ பதில் சொன்னாள். ஃபேன் இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. அத்தை காதருகே கையைக் குவித்துக்கொண்டு கிட்டே வந்தாள். பிறகு என் மேல் எரிந்து விழுந்தாள்.

"அந்த ஃபேன நிறுத்துடி மொதல்ல! இவ சொல்றது ஒண்ணும் காதுல வுழல."