கணினிக்கு வர மறுத்த மடைக்கல்

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குச் சோறு வடித்தாயிற்று. ஆறு மணிக்கு, சரிவில் படிப்படியாக இறங்கும் எங்கள் தோட்டத்தின் மேல்படிக்குப் போய் மடைக்கல்லைப் படம் எடுத்தேன். ஆறரைக்குப் பூம்பாறையில் பஸ் ஏறி, எட்டு மணிக்கெல்லாம் கொடைக்கானலில் நான் எழுத்தராக இருக்கும் பள்ளி அலுவலகத்தைத் திறந்துவிட்டேன்.

மடைக்கல் என்பது ஓடைத் தண்ணீரை எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் பிரித்துவிடும் கல். அடியில் உள்ள பாறையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. கல்லின் விளிம்பு அந்த வெடிப்பின் மேல் நிற்கவேண்டும் என்பது ஊர் ஏற்பாடு. ஜனவரி கடைசியில் அது ஒரு சாண் எங்கள் பக்கமாக நகர்ந்து, எங்கள் பங்குத் தண்ணீரை மறைத்திருந்தது. எங்கள் கடைசி இரண்டு படிகளில் கேரட் வாடிக் கிடந்தது.

பக்கத்துத் தோட்டக்காரர் என் கணவருக்குத் தம்பி முறை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் அவர் சொன்னார்: "கல்லு எங்க பாட்டன் காலத்துல இருந்து அங்கதான் கெடக்கு. மதினி போனக் காட்டி ஊர மெரட்டுறாங்க."

ஊர்ப் பெரியவர் என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனூண்டு கண்ணாடியில எனக்குக் கல்லும் தெரியல, தண்ணியும் தெரியலம்மா. பெருசா காயிதத்துல எடுத்துட்டு வா. புதங்கெழம பத்து மணி. இல்லேன்னா கல்லு இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

இரண்டு வருடமாகத் தினம் ஒரு படம் எடுத்து வருகிறேன், தேதி நேரத்தோடு. நாட்குறிப்பு எழுதும் பழக்கத்தின் தொடர்ச்சி அது. யார் மீதும் சந்தேகப்பட்டு ஆரம்பித்ததில்லை. இப்போது அவற்றை அலுவலகக் கணினிக்கு மாற்றி அச்சிட்டால் போதும். சாலை தோண்டியதில் கேபிள் அறுந்து மூன்று நாளாக மலையில் இணையம் கிடையாது. ஆகவே ஒயர் ஒன்றே வழி.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் போனைச் செருகினேன். போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்தது. கணினியோ அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. 12.40க்குக் கணினியின் பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். 12.46க்கு இரண்டையும் அணைத்து மறுபடி போட்டேன். கோப்புகளை மாற்றவா, சார்ஜ் மட்டுமா என்று போன் கேட்கவேண்டும். கேட்கவே இல்லை. 12.58க்கு வேறு கேபிள். ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக்கொண்டேன்.

ஒரு மணிக்குக் கம்ப்யூட்டர் டீச்சர் வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், செண்பகனூர்க்காரர். தன் கேபிளைத் தன் போனில் மாட்டிக் காட்டினார். உடனே வந்தது. அதே கேபிளை என் போனில் மாட்டினார். வரவில்லை.

"அக்கா, கேபிள் ஓக்கே, சிஸ்டம் ஓக்கே. உங்க போன்தான் மக்கர். பேசாம ரீசெட் குடுத்துருங்க."

"குடுத்தா படம்?"

"போயிரும்."

"அப்ப எதுக்கு டீச்சர் ரீசெட்டு? தூக்கி ஏரியில போட்டாலும் அதேதானே."

அவர் சிரித்தார். "விட்டுருங்க அக்கா. ரெண்டு வருஷமா கல்லையா படம் புடிச்சீங்க? நாங்கல்லாம் புள்ளைங்கள எடுப்போம்."

"புள்ளைங்கள யாரும் ராத்திரியோட ராத்திரியா நகத்தி வைக்க மாட்டாங்க."

விட்டுவிடுங்கள் என்று அன்று வரை என்னிடம் சொன்னவர்களை எண்ணினேன்: கணவர், கணவரின் அக்கா, இப்போது டீச்சர். மூன்று பேர். மூவருக்கும் என் மேல் பிரியம்தான். ஆனால் ஒரு மெஷின் முரண்டு பிடிக்கிறது என்பதற்காக என் தோட்டம் ஏன் காயவேண்டும்?

இரண்டு போன்களையும் கேபிளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்தேன். டீச்சர் போனில் கேபிளின் உலோக முனை வெளியே தெரியவே இல்லை. என் போனில் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது.

போனை அணைத்து, டீச்சரின் டார்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பல்குச்சியை மெல்ல விட்டேன். வெள்ளையாக ஏதோ சுருண்டு வந்தது. இன்னொன்று. கம்பளித் துணி போல இறுகிப்போன பூண்டுத் தோல்.

"அக்கா, போன்ல ரசம் வச்சீங்களா?"

எங்கள் ஊரில் பூண்டு தரம் பிரிக்க உட்கார்ந்தால் உரிந்து வரும் தோலைக் கீழே போடமாட்டோம். காற்றில் பறந்து தெருவெல்லாம் ஒட்டும். ஸ்வெட்டர் பையில் திணித்துக்கொண்டு, மறுநாள் அடுப்பில் கொட்டுவோம். என் பையில் போனும் இருந்தது. சுத்தம் பார்க்கப் போய் நானே அடைத்து வைத்திருக்கிறேன். கேபிள், கணினி, போன் கம்பெனி என்று எல்லாரையும் சந்தேகித்த குறிப்பில் என் பையை மட்டும் எழுதவில்லை. 1.22க்கு அதையும் எழுதினேன்.

கேபிள் டக்கென்று முழுதாக இறங்கியது. மாற்றவா என்று போன் கேட்டது.

படங்களைத் தேதி வாரியாகத் திறந்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. போன வருட ஏப்ரலில் ஒன்பது நாள், கல் எதிர்ப்பக்கம் நகர்ந்திருந்தது. தண்ணீர் எங்கள் பக்கம் கூடுதல். தினமும் படம் எடுத்தேனே தவிர பார்க்கவில்லை.

"இத விட்டுருங்க அக்கா," என்றார் டீச்சர்.

"நடுவுல தேதி விட்டா கேப்பாங்க. கேக்காட்டியும் விட மாட்டேன்."

அதையும் சேர்த்து இரண்டு பிரதிகள் அச்சிட்டேன். மாலையில் வீட்டில் கணவர் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஏப்ரலில் நின்றார்.

"இத ஏன் போட்ட?"

"கல்லு நகந்துச்சு. அதான்."

"அன்னைக்கு நம்ம பக்கம் தண்ணியே இல்ல, நான்தான்..." என்று ஆரம்பித்தவர் தாள்களைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சிட்டுக் கல்ல வெடிப்பு மேல வைக்கட்டும்."

புதன்கிழமை காலை, அடுப்புக்கூடப் பற்றவைக்காமல், முதல் வேலையாக ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினேன். குல்லாயோடு வந்து நின்றார்.

"பத்து மணிக்கு ஊருக்குக் காட்டப் போறது இதுதான். எங்க வீட்டுத் தப்பும் உள்ள இருக்கு. முன்னாடியே பாத்துக்கங்க."

முதல் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உள்ள வாங்க மதினி. டீ குடிச்சிட்டுப் போங்க."

"கூட்டம் முடியட்டும், குடிக்கிறேன்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.