அறுபது பேரில் எழுபத்திரண்டு பேர்

கம்பெனியில் சர்வே எடுப்பவனுக்கு எதிரிகள் இரண்டு வகை: பதில் சொல்பவர்கள், அதைக் கூட்டிப் பார்ப்பவர்கள். கையில் ஃபாரத்தோடு ஷாப் ஃப்ளோரில் அலைந்த பாவப்பட்டவர்களே, இது உங்களுக்காக.

ரெண்டு டிக்

கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகம் செய்கிற எங்கள் ஃபேக்டரிக்கு அறுபது பேர் எதில் வருகிறார்கள் என்று கேட்கச் சொன்னார் மேனேஜர். பேக்கிங் செல்வி, ரயில், கம்பெனி பஸ் இரண்டுக்கும் டிக் போட்டாள். ஒன்று போதும் என்றேன்.

“மீஞ்சூர்ல ரயில் ஏறி, இங்க ஸ்டேஷன்ல பஸ் புடிக்கிறேன். இன்னா சார், ஒண்ணுதான்னா மீதி வழி பறந்துக்கினா வர்றது?”

புதிய பன்னிரண்டு பேர்

பஸ் நாற்பத்திரண்டு, ரயில் முப்பது. கணிதமேதையான மேனேஜர் இந்த இரண்டை மட்டும் கூட்டினார். எழுபத்திரண்டு! என்னைத் திருடனைப் போலப் பார்த்தார்.

“மீதி பன்னெண்டு பேரு யாருய்யா, என் ஃபேக்டரில எனக்கே தெரியாம?”

வட்டம்

போர்டில் இரண்டு வட்டம் போட்டேன். பஸ் மட்டும் இருபத்தேழு. ரயிலில் வந்து, ஸ்டேஷனில் விட்ட சைக்கிளை எடுப்பவர்கள் பதினைந்து. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில், செல்வி மாதிரி இரண்டிலும் வருகிற பதினைந்து பேர். பைக்கில் வரும் மூன்று பேர் வெளியே. அதில் ஒருவரான செக்யூரிட்டி ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

“என்னை மட்டும் இன்னாத்துக்கு வெளிய நிக்க வெச்ச? அங்கயும் கேட் டூட்டியா?”

தலைக்கு மேல் புரிந்தது

மேனேஜருக்குப் புரிந்துவிட்டது. அதுதான் ஆபத்து. ‘பதினைந்து பேருக்கு ரெண்டு வசதி எதற்கு? ரயில் போதும்’ என்று ஸ்டேஷனுக்கு பஸ் போவதை நிறுத்தினார். ரெண்டும் சேர்ந்தால்தான் சார் ஒரு வழி என்று மன்றாடினேன். காதில் விழவில்லை.

திங்கட்கிழமை பதினைந்து பேரும் வெயிலில் நடந்து வந்தார்கள். எட்டு மணிக்கு கேட் மூடியாகிவிட்டது. வட்டம் போட்ட என் கையாலேயே அரை நாள் ஆப்சென்ட்டும் போட்டேன். வெட்கமாக இருந்தது. செல்வி என்னை நேராகப் பார்த்தாள்.

“நடு வட்டத்துலதான சார் இருந்தோம், எப்பிடி ரோட்டுக்கு வந்தோம்?”

மறு சர்வே

பேக்கிங்கில் ஆளில்லாமல் லோடு நின்றதும் மறுபடி சர்வே. இம்முறை பதினைந்து பேரும் பஸ்ஸுக்கு மட்டும் டிக் போட்டு, ஏறுமிடம் ஸ்டேஷன் என்று எழுதினார்கள். ரயிலைப் பற்றி மூச்சில்லை. நானும் கேட்கவில்லை. பஸ் நாற்பத்திரண்டு, ரயில் பதினைந்து, பைக் மூன்று. சரியாக அறுபது! மறுநாளே பஸ் ஸ்டேஷனுக்குப் போனது. மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

“இப்பதான்யா எல்லாரும் உண்மைய எழுதியிருக்காங்க!”

பதினைந்து பேர் சேர்ந்து பொய் சொன்னால்தான் எங்கள் கம்பெனியில் கணக்கு சரியாக வரும்.