கீழ்த்தளத்துக் காற்று

கடைவளாகத்தின் கீழ்த்தளத்தில் கார்களுக்கு இடம் காட்டுவது அவள் வேலை. மேல் வாசலில் நிற்பவள் அவளுடைய ஓரகத்தி. வீட்டில் இருவரும் எலியும் பூனையும்தான். ஆனாலும் ஓரகத்தியை இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது இவள்தான்.

கீழே புகை போக வழியில்லை. புகையை வெளியே இழுக்கும் பெரிய விசிறிகள் இருந்தன. கரண்ட் வீணாகிறதென்று மேலாளர் அவற்றை முதலாளி வரும் நாளில் மட்டும் ஓடவிடுவார். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுத்துப்போகும்.

கொஞ்ச காலமாக, சரிவுப் பாதையில் ஏறும்போது நெஞ்சை யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. "வாயுதான்" என்று வெந்நீர் குடித்துச் சமாளித்தாள். ஒருநாள் பாதி ஏற்றத்தில் உடம்பெல்லாம் வியர்த்து உட்கார்ந்துவிட்டாள். ஓரகத்தி ஓடிவந்தாள். உள்ளே நுழைந்த காரையே மறித்து, அதில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அடைபட்டிருந்த இதய ரத்தக்குழாயில், அதை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள்.

"இவங்க புகை பிடிப்பாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இவளா? நான் பிடிச்சாலே வீட்டுக்குள்ள விடமாட்டா" என்றார் அங்கே வந்து சேர்ந்திருந்த அவள் கணவர்.

வேலை என்னவென்று கேட்டுக்கொண்ட டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "வண்டிப் புகையில இருக்கிற நுண்தூசி நுரையீரலோட நிக்காதும்மா. ரத்தக்குழாயோட உள்சுவரையும் கெடுக்கும். கொழுப்பு படியறதுக்கு அது வழி பண்ணிக் கொடுக்கும். ரத்தக்கொதிப்பு, வயசு எல்லாம் சேர்ந்துதான் இந்த அடைப்பு வருது. ஆனா புகைக்கும் அதுல பங்கு உண்டு."

உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் தாராளமாகச் சொன்னார்: "நீங்க இனிமே மேல நில்லுங்க. உங்க ஓரகத்தி கீழ போகட்டும்."

"போறேன்க்கா. நான் கல்லுமாதிரி இருக்கேன், எனக்கென்ன" என்றாள் ஓரகத்தி.

"நானும் அப்படித்தான் சொல்லிட்டு இருந்தேன்" என்றாள் இவள்.

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. மேலாளரிடம், "விசிறியப் போடுங்க சார். இல்லேன்னா ரெண்டு பேருமே மேலதான் நிப்போம்" என்று மட்டும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். சொன்னபடி இருவரும் மேல் வாசலிலேயே நின்றார்கள். கீழே கார்கள் ஒன்றுக்கொன்று வழி விடாமல் சிக்கிக்கொண்டன. ஹாரன் சத்தத்தில் கடைக்காரர்கள் முதலாளிக்குப் போன் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் விசிறிகள் சுழல ஆரம்பித்தன.

அதோடு தொல்லை தீர்ந்ததா என்றால், இல்லை. மேலாளர் இன்னமும் மறந்ததுபோல அவற்றை அணைத்துவிடுவார். அரைநாள் நீ, அரைநாள் நான் என்று இப்போது முறைவைத்துக் கீழே நிற்கிறார்கள். விசிறிச் சத்தம் நின்றதும் கீழே இருப்பவள் பேசாமல் மேலே ஏறி வந்துவிடுவாள். தன் முறை என்றால் இவள் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வருவாள். ஓரகத்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "மெதுவா வாங்கக்கா, என்ன அவசரம்" என்பாள்.