அண்டாவில் வெட்டிய பெயர்

இன்று திருச்சுழி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? என் பழைய புருஷனின் இரண்டாம் மனைவி. கல்யாண வீடுகளில் பார்த்த முகம்தான், பேசியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் எனக்குக் கல்யாணம். அவர் கை நீட்டுகிற மனிதர். ஒரு வருஷம்கூட ஓடவில்லை, பிள்ளையும் இல்லை. பெரியவர்கள் கூடி அத்துவிட்டார்கள்.

சீராக வந்த பாத்திரம் பெண்ணோடு திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. மாமியார் மட்டும் பெரிய பித்தளை அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"எம் மகன் பச்சத் தண்ணியில குளிக்க மாட்டான். வெந்நி போட இது வேணும்."

அப்பா சண்டைக்கு எழுந்தார். "விடுங்கப்பா, வச்சுக்கிரட்டும்" என்றேன் நான். என்ன பெருந்தன்மை என்று ஊரே மெச்சியது. அண்டாவின் கழுத்தில் என் பெயரை முழுசாக வெட்டியிருந்தது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

இன்று அந்தம்மா சொல்கிறார்: "புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க உங்க பேருதான்க்கா பளபளங்குது. வித்துருவோம்னா அவுக விடல. என்னையும் அடிச்ச மனுசன்தான், இப்பப் படுத்த படுக்கை. நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கக்கா."

"வேண்டாம் தாயி. அவுகளக் கடைசியாக் குளிப்பாட்டவும் அதுலயே தண்ணி எடு."

அவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

நான் சொன்னது அதிகமா? குறைச்சல் என்று நினைப்பவர்கள் மட்டும் கமெண்டுக்கு வாருங்கள்.