பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்துப் பாட்டு

நீலகிரியில் சேரங்கோட்டுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாட்டு என்றால் பாலாமணி டீச்சர்தான். பல வருஷமாக அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். இங்கே அம்மாவோடு கொழுந்து பறித்துக்கொண்டே பத்தாவது எழுதி, பால்வாடி டீச்சரானாள். பொங்கல் விழாவில் அவளுடைய வாண்டுகள் கைகட்டி வரிசையாக நின்று பாடுவார்கள். லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் கேட்டுவிட்டு, "நம்ம பாலாமணி இல்லாட்டி இதுங்க வாயத் திறக்குமா?" என்பார்கள். அந்த ஒரு பேச்சு அவளுக்கு வருஷம் முழுவதற்கும் போதும்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு மரகதம் வந்தாள். கோயமுத்தூர்க்காரி, பயிற்சி முடித்த கையோடு வேலைக்கு வந்த சின்னப் பெண். பார்த்த மாத்திரத்தில் பாலாமணிக்கு அவள்மேல் குறை ஒன்றும் தோன்றவில்லை. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்குகிறவள்மேல் என்ன பொறாமை வரும்?

மார்கழியில் வந்தது.

பால்வாடிக்கும் ஒன்றாம் வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைச் சுவர். பொங்கல் விழா ஒத்திகை தொடங்கியதும் அந்தப் பக்கமிருந்து ஒரே சத்தம். பால்மாவு டின்னில் பொடிக்கற்களைப் போட்டுக் குலுக்க வைத்திருந்தாள் மரகதம். சோடா மூடிகளைக் கம்பியில் கோத்துச் சலங்கையாக்கியிருந்தாள். தேங்காய் ஓடுகளை ஒன்றோடொன்று தட்டச் சொல்லியிருந்தாள். பாட்டும் அவளே கட்டியதுதான்.

"பானைக்குள்ளே யாரு, பானைக்குள்ளே யாரு?
அரிசியக்கா ஆடுறா, டக்கு டக்கு பாரு!
வெல்லத்தம்பி குதிச்சான், டம்மு டம்மு பாரு!"

அரிசியக்காவுக்கு டின். வெல்லத்தம்பிக்குத் தேங்காய் ஓடு. பானை பொங்கும்போது எல்லாம் சேர்ந்து, கூடவே பிள்ளைகளின் குதியும் கூச்சலும். 'இதெல்லாம் ஒரு பாட்டா' என்று உதட்டைச் சுழித்த பாலாமணி திரும்பிப் பார்த்தால், அவளுடைய பிள்ளைகளே அந்தத் தாளத்துக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், எங்களுக்கும் கொட்டாங்குச்சி குடுங்க," என்றான் நாலு வயசுக் கருப்புசாமி.

"கொட்டாங்குச்சியா? சிரட்டைன்னு சொல்லுடா."

"மரகதம் டீச்சர் கொட்டாங்குச்சின்னுதான் சொல்லுவாங்க."

பாலாமணிக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது. பேசக் கற்றுக்கொடுத்தவள் இவள். சொல்லைக் கொடுப்பவள் அவளா?

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதுதான். ஃபாக்டரியிலிருந்து வந்த புருஷன் பொன்ராஜ் கைகால் கழுவிக்கொண்டே 'வெல்லத்தம்பி குதிச்சான்' என்று முனகினான்.

"அது எங்க புடிச்சீங்க?"

"லயம் பூரா அதானே பாட்டு! நல்லாத்தான் கட்டியிருக்கு அந்தப் பொண்ணு."

அன்றைக்கு அவன் தட்டில் குழம்பு விழுந்ததைவிடக் கரண்டி விழுந்த சத்தம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாளிலிருந்து பாலாமணி தன் பிள்ளைகளை வெயில் காயவைப்பதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே கூட்டிப் போனாள். டின்னும் சிரட்டையும் அவளே தேடிச் சேர்த்தாள். பாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பலகைச் சுவர் அந்த வேலையை முன்பே முடித்திருந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, சரியா?" என்றாள். விழாவில் பால்வாடிதான் எப்போதும் முதலில். பிறகு மரகதம் என்ன பாடினாலும் அது இரண்டாம் பாட்டு.

விழா நாளில் பாட்டு தூள் பறந்தது. சனங்கள் சிரித்துச் சிரித்துக் கை தட்டினார்கள். பாலாமணி மேடை ஓரமாக நிமிர்ந்து நின்றாள். எதிரே தன் வகுப்போடு உட்கார்ந்திருந்த மரகதத்தின் முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. அதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்? ஆனால் பார்த்தபோது, நினைத்திருந்த குளிர்ச்சி வரவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் ஒன்றாம் வகுப்புப் பெண் வேலாமணி எழுந்து நின்று அழத் தொடங்கினாள். "அது எங்க பாட்டு! பாலாமணி டீச்சர் எங்க பாட்டைத் திருடிட்டாங்க!"

கூட்டம் கப்சிப் என்று ஆனது. தலைமையாசிரியர் சுடலைமுத்து இரண்டு டீச்சர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

மரகதம் விறுவிறுவென்று மேடையேறினாள்.

"ஏனுங்க சார், இது நாங்க ரெண்டு பேரும் பேசி வெச்சதுதானுங்க. முதல்ல சின்னவங்க பாடறது, அப்புறம் ரெண்டு வகுப்பும் சேர்ந்து பாடறது. வாங்க கண்ணுங்களா, எல்லாரும் மேல வாங்க!"

ஒன்றாம் வகுப்பு குடுகுடுவென்று ஏறியது. மேடை கொள்ளாத கூட்டம். கருப்புசாமி தன் சிரட்டை ஒன்றை வேலாமணியிடம் நீட்ட, இருவரும் எதிரெதிரே நின்று தட்டினார்கள். பானை பொங்கிய சத்தம் எதிர்மேடு வரைக்கும் கேட்டிருக்கும். பாலாமணியும் கை தட்டினாள். மனசுக்குள் மட்டும் நெருப்பு அணையவில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்தவள், பிள்ளைகளை மயக்கத் தெரிந்தவள். இப்போது பெருந்தன்மையும் அவளுக்கே போய்விட்டதே!

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று, குழாயடியில் மரகதம் தனியாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீ அன்னைக்கு என்னைக் காப்பாத்திட்ட," என்றாள் பாலாமணி.

"உங்களுக்காகச் சொல்லலீங்க. பண்டிகையும் அதுவுமாக் குழந்தைங்க அழுவக் கூடாதுன்னு சொன்னேன். அன்னைக்கு ஊட்டுக்குப் போயி அழுதேனுங்க. எனக்கு இன்னும் கோவம் ஆறலை."

பாலாமணிக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. கோபப்படுகிற மரகதத்தின் எதிரில் நிற்க முடிந்தது.

"பொறாமைதான், மரகதம். என்னால தாங்க ஏலல," என்றாள்.

மரகதம் குழாயை மூடினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "உங்க புள்ளைங்க சுருதி தப்பாமப் பாடறாங்க. எம்பட வகுப்பு வெறும் கத்தல்தானுங்க," என்று முகம் சிவக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த பொங்கலுக்கு இரண்டு வகுப்புக்கும் ஒரே ஒத்திகை நடந்தது. சுருதிக்கு ஒருத்தி, தாளத்துக்கு ஒருத்தி. விழா முடிந்து லயத்துச் சனங்கள் மரகதத்தைச் சுற்றி நின்றபோது, பாலாமணிக்கு மறுபடியும் வயிறு எரியத்தான் செய்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் பரிமாறப் போனாள்.